எட்டாவது எபிசோட்

அவர் தேநீரைக் கடைசிவரை குடித்து நான் பார்த்ததில்லை. கால் கோப்பை மிச்சம் வைத்து, அதைத் தட்டால் மூடி, "இது அப்புறம்" என்பார். அந்த அப்புறம் வந்ததே இல்லை. அவர் போடும் குறுக்கெழுத்தில் எப்போதும் இரண்டு கட்டங்கள் காலியாக இருக்கும். ஒரு பூஜை விடுமுறையில் மாடிப்படி ஜன்னலுக்குத் தானே பெயின்ட் அடிக்கிறேன் என்று ஆரம்பித்து ஒரு கதவோடு நிறுத்திவிட்டார். நாங்கள் அங்கே இருந்தவரை அந்த ஜன்னலுக்கு ஒரு கதவு பச்சை, மற்றது துரு. விடைபெறும்போது வங்காளிகளும் நம்மைப் போலவே 'போகிறேன்' என்று சொல்ல மாட்டார்கள். 'ஆஷ்ச்சி', வருகிறேன், என்பார்கள். இவர் அதைச் சொல்லிவிட்டு, ஒரு கால் செருப்புக்குள்ளும் ஒரு கால் எங்கள் வாசல் மிதியடியிலுமாக அரை மணி நேரம் நிற்பார். அப்பா அதற்குள் குளித்துவிட்டே வந்துவிடுவார்.

காளிகாட்டில், கோயிலுக்குப் போகும் சந்து ஒன்றில், எங்களுக்கு மேல் வீடு அவருடையது. அப்பாவுக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. நான் படிப்பு முடித்து, மென்பொருள்களில் குறை கண்டுபிடிக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். அவருடைய வேலை கதையை முடிக்காமல் பார்த்துக்கொள்வது. வங்காளி மெகா சீரியல்களுக்கு எழுதினார். காலையில் மெட்ரோ பிடித்து டாலிகஞ்ச் ஸ்டுடியோவுக்குப் போய், அன்று எடுக்கவேண்டிய காட்சிகளை அங்கேயே உட்கார்ந்து எழுதுவார். மேக்கப் போட்ட மாமியாரும் மருமகளும் பக்கத்தில் காத்திருப்பார்கள்.

அவரை நான் காகு என்பேன், சித்தப்பா மாதிரி. அவர் மனைவி காகிமா. அம்மாவுக்கு அவர் தாதா, அதாவது அண்ணன். அவருக்கு அம்மா பௌதி, அதாவது அண்ணி. அண்ணனுக்கு எப்படி ஒருத்தி அண்ணியாவாள் என்று ஒருமுறை கேட்டேன். "உனக்கு எல்லாத்துலயும் குறை கண்டுபிடிக்கணும்" என்றாள் அம்மா.

அம்மா வங்காளி கற்றுக்கொண்டதே அவர் சீரியலில்தான். அதனால் அவளுக்குக் காய்கறி பேரம் பேசத் தெரியாது. ஆனால் 'இந்த வீட்டு வாசலை இனி மிதிக்காதே' என்று பிழையில்லாமல் சொல்லத் தெரியும். மாலை ஏழரைக்குச் சீரியலின் பாட்டு எங்கள் கட்டடத்தின் எல்லா வீடுகளிலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்கும். பாட்டின் நடுவே அவர் பெயர் திரையின் அடியில் வந்து, படிப்பதற்குள் போய்விடும். "வந்துடுத்து, தாதா பேரு" என்று அம்மா ஒவ்வொரு நாளும் சொல்வாள்.

அந்தச் சீரியலின் மருமகள் ஒருமுறை லாரி மோதி நினைவில்லாமல் படுத்துவிட்டாள். மூக்கில் குழாயோடு வாரக்கணக்கில் கிடந்தாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கோயிலுக்குப் போய் அந்தப் பெண் பெயரில் பூஜை செய்யச் சொல்லியிருக்கிறாள். பூசாரி கோத்திரம் கேட்டிருக்கிறார். அம்மா யோசித்துவிட்டு எங்கள் கோத்திரத்தைச் சொல்லியிருக்கிறாள். பெயரை இன்னொரு தடவை கேட்ட பூசாரி நிமிர்ந்து பார்த்து, "கோமாவில் இருக்கிற பெண்ணா? என் மனைவியும் நேற்றுத்தான் வேண்டிக்கொண்டாள்" என்றாராம்.

பிரசாதத்தை எடுத்துக்கொண்டு அம்மா நேரே மாடிக்குப் போனாள். அவர் பேசியதையெல்லாம் இங்கே தமிழில் தருகிறேன்.

"தாதா, வேண்டிண்டு வந்துட்டேன். இனிமே நீங்கதான் பாத்துக்கணும். அந்தப் பொண்ணு கண்ணத் தொறக்கணும்."

அவர் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நம்ம கையில என்ன இருக்கு பௌதி. டாக்டர் பாத்துட்டுத்தான் இருக்காரு."

அடுத்த வாரம் மருமகள் கண் திறந்தாள். சம்பளத் தகராறில் படப்பிடிப்புக்கு வராமல் இருந்த நடிகை திரும்பி வந்துவிட்டாள் என்று காகிமா என்னிடம் தனியாகச் சொன்னாள். நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், அந்த நடிகைக்கு நல்ல புத்தி கொடுத்தது யார் என்று கேட்டிருப்பாள்.

முடிப்பது என்றால் அவருக்கு ஏன் ஆகாது என்பது எனக்கு அலிப்பூரில் புரிந்தது. சான்றிதழில் இருந்த பெயர்ப் பிழைக்காக ஒரு பிரமாணப் பத்திரம் வாங்க அங்கே கோர்ட் பக்கம் போயிருந்தேன். மரத்தடி பெஞ்சில் அவரும் அவரைவிட வயதான, அதே மூக்குள்ள இன்னொருவரும் ஒரே இலைத் தொன்னையிலிருந்து கச்சோரி தின்றுகொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்ததும் மகிழ்ச்சியோடு எழுந்தார்.

"வா மா, வா. இவருதான் எதிர்க்கட்சி."

எதிர்க்கட்சி என் கையிலும் ஒரு கச்சோரி வைத்தார். பெஹாலாவில் இருக்கும் பூர்வீக வீட்டுக்காக அண்ணன் தம்பி இருவருக்கும் பல வருஷமாக வழக்கு. மனைவிகளுக்குள் பேச்சில்லை, போக்குவரத்து கிடையாது. வாய்தா தேதிகளில் மட்டும் சந்தித்துக்கொள்வார்கள். வக்கீல்கள் உள்ளே தேதி வாங்கிக்கொண்டிருக்க, இவர்கள் வெளியே சாப்பிடுவார்கள். அண்ணனுக்கு முழங்கால் வலி, தம்பிக்குச் சர்க்கரை; இருவருமே மற்றவர் மாத்திரை வேளையை நினைவில் வைத்திருந்தார்கள்.

திரும்பும்போது மெட்ரோவில் கேட்டேன். "பேசித் தீர்த்துக்கலாமே காகு?"

"தீத்துட்டா தாதாவ நான் எங்க போய்ப் பாக்கறது?" என்றார்.

பிறகு நாட்டில் எல்லோருக்கும் நடந்தது எங்கள் கட்டடத்துக்கும் நடந்தது. ஏழரை மணிப் பாட்டு ஒவ்வொரு வீடாக நின்றது. எங்கள் வீட்டிலேயே மூன்று பேருக்கு மூன்று திரை: அப்பா பழைய கிரிக்கெட், நான் ஓடிடி, அம்மா முகமே காட்டாமல் கையை மட்டும் காட்டிச் சமைக்கும் யாரோ ஒருத்தி. சீரியலுக்கு மட்டும் அம்மா விசுவாசமாக டிவி முன் உட்கார்ந்தாள். ஆனால் அம்மா ஒருத்தியை வைத்துக்கொண்டு டிஆர்பி வராது. முன்பு வருஷக்கணக்கில் ஓடிய சீரியல்களைச் சானல்கள் சில மாதங்களில் மூட ஆரம்பித்தன. இவருடையதற்கும் போன் வந்தது. பதினைந்து நாளில் முடித்துக்கொள்ளுங்கள்.

அவர் பதினைந்து நாளில் நான்கு கல்யாணம் செய்துவைத்தார், இரண்டு கெட்டவர்களைத் திருத்தினார், காணாமல்போன மாமனாரைக் காசியிலிருந்து வரவழைத்தார். கடைசி எபிசோடின் கடைசிக் காட்சியில் குடும்பமே வரிசையாக நின்று சிரிக்க, வாசல் கதவு தட்டப்படுகிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான்.

அம்மா இரண்டிரண்டு படியாக மாடி ஏறினாள். "தாதா, கதவத் தட்டினது யாரு?"

"ஜானி நா, பௌதி." தெரியவில்லையாம். பொய்யில்லை, அவருக்கே தெரியவில்லை.

"இனிமேதான் சீரியலே கிடையாதே. அப்புறம் எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான். ஆனா நாளைக்கும் நீங்க அதையே யோசிப்பீங்க இல்லையா?"

அம்மா யோசித்தாள். பல நாள் யோசித்தாள். தட்டியது மூத்த நாத்தனாரின் முதல் புருஷனாக இருக்கும் என்பது அவள் முடிவு.

அவர்களுக்கு ஒரே மகள், புனேயில் வேலை. அப்பா எழுதுவதை அவள் பார்ப்பதில்லை. எப்படிப் பார்ப்பாள்? ஆயிரம் எபிசோடில் எதிலிருந்து தொடங்குவது? அவளாகப் போன் செய்வது குறைவு. செய்தாலும் காகிமாவோடு பேசிவிட்டு வைத்துவிடுவாள். சீரியல் முடிந்த சமயத்தில் அதன் ஒரு துண்டு ரீல்ஸில் பரவியது. மருமகளின் கண்ணை மாமியார் கட்டிவிட, அவள் அப்படியே ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். மீன் மார்க்கெட் வாசனையை வைத்து இடப்பக்கம் திரும்பி ஆஸ்பத்திரி வாசலில் சரியாக நிறுத்துகிறாள். யாரோ அதற்கு ஒரு கோமாளிச் சிரிப்பைச் சேர்த்திருந்தார்கள். சீரியலைப் பார்த்தவர்களைவிட அதைப் பார்த்தவர்கள் அதிகம். மகளின் அலுவலகத்திலும் அது சுற்றியிருக்கிறது. அன்று அவளே போன் செய்து, அப்பாவைக் கேட்டாள்.

"பாபா, அது நீ எழுதினதா?"

"டைரக்டர் ஆட்டோ வைக்கச் சொன்னார். நான்தான் ஆம்புலன்ஸ் ஆக்கினேன்."

"ஆபீஸ்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எங்கப்பா எழுதினதுன்னு சொல்லல."

இதை அவர் எங்கள் வாசலில், ஒரு கால் செருப்பில் இருந்தபடி சொன்னார். சொல்லிவிட்டு, "வாசனைய வச்சு வழி கண்டுபிடிக்கிறது அவ்வளவு அபத்தமா மா?" என்று கேட்டார். அந்தச் சந்தில் குடியிருப்பவள் என்ற முறையில் இல்லை என்றுதான் சொன்னேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஓடிடி நிறுவனம் அவரைக் கூப்பிட்டது. வங்காளத்தில் நடக்கும் கொலைக்கதை. எட்டே எபிசோட். பழைய ஜமீன் வீடு, கிணற்றில் பிணம், விசாரிக்க சிலிகுரியிலிருந்து வரும் பெண் இன்ஸ்பெக்டர். அவர் சந்தோஷப்பட்டது பணத்துக்காக அல்ல. "எட்டுன்னா ஒரு ஞாயித்துக்கிழமையில பாத்து முடிச்சிடலாம் இல்ல? ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும்?" என்று என்னிடம் உறுதி செய்துகொண்டார். யார் பார்த்து முடிக்க என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

முதல் ஏழு எபிசோட் ஆற்றோட்டமாக வந்தன. கையால் எழுதித் தருவார். பள்ளிக்கூடத்தில் வங்காளி படித்த புண்ணியத்துக்கு நான் லேப்டாப்பில் தட்டிக் கொடுப்பேன். எட்டாவதில் மாட்டிக்கொண்டார். கொலைகாரன் யார் என்று சொல்லும் இடம் நெருங்கும்போதெல்லாம் புதிதாக ஏதாவது ஒன்று கதைக்குள் வந்தது. முதல் முறை இன்ஸ்பெக்டரின் தொலைந்துபோன தங்கை. இரண்டாவது முறை, கிணற்றில் கிடந்தது வேறு ஆள். மூன்றாவது முறை பிணமே இருமியது.

மும்பையிலிருந்து ஒரு பெண் வீடியோ காலில் வந்தாள். என் வயதுதான் இருக்கும். மிகவும் மரியாதையாகப் பேசினாள். "தாதா, ஏழு எபிசோடும் அருமை. எங்களுக்கு ஒரு க்ளோஷர் மட்டும் வேணும்." துர்கா பூஜைக்குள் வராவிட்டால் எட்டாவதை வேறொருவர் எழுதுவார், டைட்டிலில் அந்த ஆள் பெயரும் சேரும் என்றும் அதே மரியாதையோடு சொன்னாள்.

வீடியோ கால் முடிந்ததும் அவர் என்னைக் கேட்டார். "க்ளோஷர்னா என்ன மா?"

என் தொழில் வழியில் விளக்கினேன். ஒரு ப்ரோக்ராம் ஆரம்பித்தால் எங்காவது முடிய வேண்டும். முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் கம்ப்யூட்டர் நின்றுவிடும்.

"என் சீரியல் நாலு வருஷம் சுத்திச்சு. ஒருத்தர் டிவியும் நிக்கலையே" என்றார். பிறகு தெருவில் பந்தல் கட்ட இறக்கிக்கொண்டிருந்த மூங்கில்களைக் காட்டினார். "துர்கா மாவ ஆத்துல கரைக்கறப்ப என்ன கத்தறோம்? அடுத்த வருஷம் மறுபடியும் நடக்கும்னுதானே? சாமிக்கே இந்த ஊர்ல க்ளோஷர் கிடையாது. எனக்குக் கேக்கறாங்க."

காகிமா உள்ளிருந்து சொன்னாள்: "சாமி யாருக்கும் எட்டாவது எபிசோட் பாக்கி வைக்கல."

நான் தட்டும்போது படித்துக்காட்டியதையெல்லாம் கேட்டிருந்த அம்மா தன் பங்குக்கு அவருக்கு ஒரு கொலைகாரனைக் கொடுத்தாள். ஜமீன் வீட்டு மூத்த மருமகன். ஏன் என்று கேட்டதற்கு, "எப்பப் பாத்தாலும் பழுப்புச் சட்டையே போட்டுண்டு வரான்" என்றாள். அவர் மறுக்கவில்லை. அதையும் ஒரு சாத்தியமாக வைத்துக்கொண்டார். அதுதான் சிக்கலே.

அந்த வாரம் அலிப்பூரில் வாய்தா. திரும்பி வந்தவர் ஆஷ்ச்சி சொல்லவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"தாதா கையெழுத்துப் போட்டுட்டார். பாதி பாதின்னு ஒத்துக்கிட்டார். கோர்ட் மாடிப்படி ஏற முடியலையாம்."

"நல்ல சேதிதானே?" என்றார் அப்பா.

"நானும் போட்டேன். போட்டதும் ஜட்ஜ் அடுத்த கேஸக் கூப்பிட்டார். ரெண்டு பேரும் வெளியில வந்து நின்னோம். கச்சோரி வேணுமான்னு கேட்டேன். பசியில்லன்னுட்டார். ரிக்‌ஷா ஏறினப்பறம் திரும்பிப் பாத்து, 'அந்தக் கிணத்துக்காரனக் கொன்னது யாருடா? அதையாவது சொல்லு'ன்னார். சொன்னேன்."

"யாரு?" என்று அம்மாவும் நானும் ஒன்றாகக் கேட்டோம்.

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து என்னிடம் கொடுத்தார். மெட்ரோவில் எழுதியது. எழுத்து ஆடியிருந்தது. இரண்டே பக்கம். இன்ஸ்பெக்டர் ஒரு வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். தட்டுவதற்கு முன்பே கதவு திறக்கிறது. ஜமீன் வீட்டு வயதான கணக்குப்பிள்ளை. "உள்ள வாங்க, நீங்க எப்ப வருவீங்கன்னுதான் உக்காந்திருந்தேன்" என்கிறான். அவள் உட்காருகிறாள். அவன் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறான். வீட்டைப் பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறுகிறான். ஜீப் போனபின் பூட்டிய கதவு மட்டும் வெகுநேரம் தெரிகிறது. பின்னணி இசை வேண்டாம் என்று அடியில் எழுதியிருந்தார்.

நான் குறை தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

தொடர் வெளியான ஞாயிற்றுக்கிழமை அவரும் காகிமாவும் எங்கள் வீட்டில்தான் பார்த்தார்கள். எங்களிடம் பெரிய டிவி இருந்தது. சாப்பாட்டுக்கு மட்டும் நிறுத்தினோம். எட்டாவது எபிசோடில் ஜீப் போயிற்று. பூட்டிய கதவு வந்தது. அது வெகுநேரம் தெரியவேண்டும். ஆனால் மூச்சு விடும் நேரம்கூடத் தெரியவில்லை. கதவு சுருங்கி, தபால்தலை அளவில் திரையின் மூலைக்குப் போய்விட்டது. மிச்சத் திரையில் பஞ்சாபில் யாரோ யாரையோ துரத்தினார்கள். அடுத்த தொடர் ஐந்து விநாடியில், நான்கில், மூன்றில். தபால்தலைக்குள் வெள்ளையாகச் சில எறும்புகள் மேலே ஏறின. அதில் ஒன்று அவர் பெயர். ரிமோட்டை நான் கண்டுபிடிப்பதற்குள் பஞ்சாபில் முதல் கொலை விழுந்துவிட்டது.

"முடிஞ்சுதா?" என்றாள் அம்மா.

"முடிஞ்சுது பௌதி."

"அந்த வீட்டுச் சாவி இன்ஸ்பெக்டர் கிட்டயேவா இருக்கும்? திருப்பித் தர மாட்டாளா?"

"தெரியல பௌதி. முடிஞ்சுது."

மகளிடமிருந்து அன்று போன் இல்லை. மறுநாளும் இல்லை. அவர் தினமும் எங்கள் வீட்டுக்கு வந்து, மக்கள் எந்த எபிசோடில் எழுந்து போகிறார்கள் என்று கம்பெனிக்காரர்களுக்குத் தெரியுமாமே, ஒரு குறிப்பிட்ட ஆள் எங்கே எழுந்து போனார் என்று பார்க்க முடியுமா என்று என்னைக் கேட்டார். முடியாது என்றேன். "புனேன்னு போட்டுப் பாத்தா?" என்றார்.

புதன்கிழமை காகிமா இறங்கி வந்தாள். மகள் கூப்பிட்டாளாம். எட்டையும் பார்த்தாளாம். ஒன்றரை மடங்கு வேகத்தில்தான். அவள் எல்லாவற்றையும் அப்படித்தான் பார்ப்பாளாம். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. அலுவலகத்தில் ஏழெட்டுப் பேரிடம் அப்பா எழுதியது என்று சொல்லியிருக்கிறாள். போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கிறாள். "தார்போர்?"

அப்புறம் என்று அர்த்தம். நாலு வருஷம் ஒரு மாநிலமே அவரைக் கேட்ட கேள்வி.

மும்பைப் பெண்ணும் அதையேதான் கேட்டாள், வேறு காரணத்துக்காக. தொடர் நன்றாகப் போகிறது, மேலிடம் சீசன் டூ கேட்கிறது, கணக்குப்பிள்ளை கொலைகாரன் இல்லை என்று ஆரம்பித்தால் எப்படியிருக்கும்? சம்பளமும் கூட. அவர் மாட்டேன் என்றுவிட்டார்.

எனக்குப் புரியவில்லை. "காகு, செத்தவங்களையெல்லாம் எழுப்பி உக்கார வச்சவர் நீங்க. இப்ப எழுதறதுக்கென்ன?"

"கணக்குப்பிள்ளைதான், முடிஞ்சுதுன்னு தாதா கிட்டச் சொல்லிட்டேனே மா" என்றார்.

சீசன் டூவை வேறு யாரோ எழுதினார்கள். அவர் போனில் ஓடும் நிமிஷக் கதைகளுக்குப் போனார். ஒரு நிமிஷம் ஒரு எபிசோட். ஒவ்வொன்றும் கன்னத்தில் விழும் ஒரு அறையிலோ ஒரு கர்ப்பச் சேதியிலோ நிற்க வேண்டும். அவருக்கு அது மூச்சு விடுவது மாதிரி. அவற்றில் யார் பெயரும் போடுவதில்லை. அம்மா காய் நறுக்கியபடி அவற்றைப் பார்த்து, "எவன் எழுதறானோ, நம்ம தாதா கால் தூசிக்கு ஆகாது" என்பாள். மேலே கேட்கும் அளவுக்குச் சொல்வாள்.

நாங்கள் கார்டன் ரீச் பக்கம் வீடு மாறுவதற்கு முந்தைய வாரம், ஞாயிறு காலை, அம்மா கொடுத்த இட்லியோடு மாடிக்குப் போனேன். காகிமா உதட்டில் விரல் வைத்து உட்காரச் சொன்னாள். "சீசன் டூ ஓடுது" என்று என் காதில் சொன்னாள். "நிஜமான சீசன் டூ. வாரா வாரம். ஒரே ஒரு ஆள்தான் பாக்குது."

அவர் ஜன்னலோரம் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தார். கையில் தாள் எதுவும் இல்லை.

"சாவி இன்ஸ்பெக்டர் கிட்ட இருக்கு இல்லையா? அவ லீவு போட்டுட்டுத் தனியா அந்த வீட்டுக்கு வரா. கதவத் தொறக்கறா. கணக்குப்பிள்ளையோட கட்டிலுக்கு அடியில ஒரு டிரங்குப் பெட்டி."

"தார்போர், பாபா?" குரல் தெளிவாக, பக்கத்து அறையிலிருந்து வருவது போல் இருந்தது.

"பெட்டியத் தொறக்கறா. உள்ள..." என்று நிறுத்தி, என்னைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்துக் குனிந்தார். "ஹலோ? ஹலோ? கேக்கலையே மா. சிக்னல் சரியில்ல."

"எனக்குக் கேக்குது பாபா. உள்ள என்ன?"

"ஹலோ?" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

உடனே போன் அடித்தது. மேஜைமேல் அதிர்ந்து கொஞ்சம் நகர்ந்தது. எடுக்கக் கையை நீட்டிய காகிமாவை அவர் தடுத்தார்.

"இரு" என்றார். "இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்."